பின்னேரமானால் மூடும் கண்

புடவைக்கடையில் சீலை விரிக்கிறவனுக்குக் கையும் வாயும்தான் முதல் என்பார்கள்; கண்ணிமையும் முதல்தான் என்பது எனக்கு நாற்பது தாண்டித்தான் தெரிந்தது. பெயரில்லாத வருத்தத்தோடு கிளினிக் வாங்கில் குந்தியிருக்கிற என் நோயாளி இனத்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கூறைச்சீலை

சுன்னாகத்தில் எங்கள் கடை. ஒருநாள் பின்னேரம் அச்சுவேலியிலிருந்து ஒரு அம்மா மகளின் கலியாணத்துக்குக் கூறை எடுக்க வந்தார். நான் விரித்துக்கொண்டே போக, இடது இமை தன்பாட்டில் இறங்கியது. தூக்கினேன். இறங்கியது. மறுபடி தூக்கினேன். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தாயார் சீலையை என் பக்கம் தள்ளிவிட்டு, சத்தம் போடாமல் சொன்னார்:

"தம்பி, நீர் சீலையைக் காட்டும். கண்ணைக் காட்டவேண்டாம்."

காலைக் கிளினிக்

அதற்குள் ஒன்று இரண்டாகத் தெரியவும் தொடங்கிவிட்டது. கண்ணாடி மாற்றினேன், இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. பிறகு என் ஊர் இணுவிலிலிருந்து விடிய முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலையில் என் கண் ஒரு குறையும் சொல்லமுடியாதபடி திறந்திருக்கும். டொக்டர் விரலைப் பார்க்கச் சொன்னார், முழங்காலில் தட்டினார், கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். தலையைப் படம் பிடித்தார்கள். எல்லாம் சரி. சந்தோஷப்படவேண்டிய ஆள் முகம் தொங்கி நிற்பதைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது.

"உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்லா நித்திரை கொள்ளுங்கோ, யோசிக்கிறதைக் குறையுங்கோ."

முதலாளியின் புத்திமதி

சில மாதத்தில் நாக்கும் சேர்ந்துகொண்டது. பொழுதுபட்டால் மூக்கால் கதைப்பேன். காஞ்சிபுரம் என்று தொடங்கினால் பாதியில் குழறிவிடும். கண் செருகல், பேச்சுக் குழறல், இடையிடையே கதவில் முட்டுதல். முதலாளி நல்ல மனுசன். கலியாண வீடுகளில்கூடச் சோடாவோடு நிற்கிற என்னை, கடை பூட்டுகிற நேரம் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டார்.

"எனக்கு எல்லாம் விளங்குது. ஆனா வேலை நேரத்திலை குடிக்காதையும்."

புட்டு

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது புட்டு தொண்டையில் நின்றுவிட்டது. இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை, மூச்சும் எடுக்கமுடியவில்லை. மனைவி வனஜா முதுகில் ஓங்கி ஓங்கி அடித்துத்தான் என்னைக் காப்பாற்றினாள். அவள் அழவில்லை. அடுத்த நாளிலிருந்து, நான் சாப்பிடுவதையும் கதைப்பதையும், காலையிலும் பின்னேரத்திலும், ஃபோனில் வீடியோ எடுக்கத் தொடங்கினாள். வெட்கத்தில் அவளோடு சினந்தேன்.

"நான் சொன்னா டொக்டர்மார் நம்பமாட்டினம். உங்கடை முகத்தைப் பார்த்தா நம்புவினம்."

ஐஸ் கட்டி

வனஜா என்னைக் கூட்டிப்போன நரம்பு வைத்திய நிபுணர் இளம் பெண். வீடியோக்களை ஆறுதலாகப் பார்த்தார். பிறகு என்னை இமைக்காமல் மேலே கூரை முகட்டையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில், பட்டப்பகலில், முதல்முறையாக ஒரு டொக்டருக்கு முன்னால் என் இமை இறங்கியது. கையுறைக்குள் ஐஸ் கட்டி போட்டு அந்த இமைமேல் வைத்தார். எடுத்தபோது கண் திறந்திருந்தது.

நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச்சேராத வருத்தம் இது; வேலை செய்யச் செய்யத் தசை களைத்துவிடும், ஓய்ந்தால் தேறும்; அதனால்தான் காலையில் ஒன்றும் தெரிவதில்லை என்று விளக்கினார். பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். இரத்தம் சோதித்து உறுதிப்படுத்துவோம், முற்றாகச் சுகமாகும் என்று சொல்லமாட்டேன், மருந்துக் குளிசையோடு சமாளிக்கலாம் என்றார். வனஜா அப்போதுதான் அழுதாள். டொக்டர் அவள் பக்கம் கதிரையைத் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"இவர் இவ்வளவு நாளும் சொன்னது எல்லாம் உண்மை, அக்கா."

இப்போது குளிசை போட்டுக்கொண்டு காலை வேலைக்கு மட்டும் போகிறேன். வருத்தம் மாறவில்லைத்தான், ஆனால் முதலாளியின் வாயில் நுழையாத ஒரு பெயர் அதற்குக் கிடைத்த பிறகு, நின்றே வேலை செய்கிற எங்கள் கடையில் எனக்கு மட்டும் இருக்க ஒரு கதிரை போட்டிருக்கிறார்கள்.