கலாவின் பாதமும் ஒரு அன்னக்கூடை வெந்நீரும்

"அக்கா, காலை ஊற வெக்கிறது மலை சுத்தறதுக்கு முன்னாடியா... அப்புறமா?"

போன வாரம் ஆடி விருந்துக்கு வந்த எங்கள் வீட்டுப் புது மாப்பிள்ளை, பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டு என்னைக் கேட்ட கேள்வி இது. என் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் நாத்தனார் கலா — தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் வெளுக்காத புதுப்பெண் — விருட்டென்று எழுந்து சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

எங்களுக்குப் புரிந்தது. உங்களுக்குப் புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கலாவுக்கு வரன் அமைந்ததே பெரும்பாடு. ஜாதகம் பொருந்தினால் வயசு ஜாஸ்தி என்பார்கள். வயசு சரி என்றால் நிறம் கம்மி என்பார்கள். சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று எழுந்துகொள்வார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

அவள் வேறு யாரிடம் போய் முறையிடுவாள்? கல்யாணம் கூடிவருகிற வரைக்கும் பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு மலை சுற்றுவதாகவும், நிச்சயமானதும் நன்றி சொல்லி ஒரு தடவை சுற்றுவதாகவும் அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டாள். வருஷக்கணக்கில் நடந்தாள். மற்ற நாட்களில் வீட்டில் உட்கார்ந்து ஊராருக்கு ஜாக்கெட் தைத்தாள். மிஷினின் இரும்பு மிதியிலும் வெறுங்கால்தான். பாதம் என்ன ஆகும்? கட்டைவிரலுக்கு அடியில் காய்ப்பு. குதிகாலில் வெடிப்பு. படுக்கும்போது போர்வை நூல் அதில் மாட்டி இழுக்கும்.

பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள். பாதத்தை யார் பார்த்தார்கள்? அதனால் அவளும் அதைப் பற்றி நினைக்கவில்லை — நிச்சயம் ஆகிற வரைக்கும்.

மாப்பிள்ளைக்குக் கீழ்பென்னாத்தூர். சொந்த நிலத்தில் நெல்லும் மல்லாட்டையும் போடுகிறார். (வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை என்று கேட்டால் வெளியூர் ஆசாமி என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.) தாம்பூலம் மாற்றிய அன்று வீடே சந்தோஷமாக இருந்தது. கலா மட்டும் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"என்னடி ஆச்சு? மாப்பிள்ளையப் பிடிக்கலியா?"

"அதெல்லாம் இல்ல அண்ணி. மெட்டி போடறப்ப அவரு என் காலைப் பிடிப்பாரில்ல... இந்தக் காலை. கையில குத்தும். என்னா நெனச்சுக்குவாரு?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. எத்தனையோ பேர் வேண்டாம் என்று சொல்லிக் கேட்டவள். மணவறையில் இன்னொரு முகம் சுளிப்பதைப் பார்க்கிற தெம்பு அவளிடம் இல்லை.

ஆரம்பித்தது வைத்தியம். சாயங்காலமானால் விருந்துக்குச் சோறு கொட்டிவைக்கப் பரணில் கிடந்த பழைய அன்னக்கூடையில், கால் பொறுக்கிற சூட்டில் வெந்நீர். ஒரு கை கல்லுப்பு. பிழிந்து மிச்சமான எலுமிச்சைத் தோல். ரேடியோவில் நேயர் விருப்பம் முடிகிற வரைக்கும் கால் ஊறும். அப்புறம் காய்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூட்டை எடுத்து அவள் ஒரு காலும் நான் ஒரு காலுமாகத் தேய்ப்போம். ஈரம் துடைத்து விளக்கெண்ணெய். அதன்மேல் என் வீட்டுக்காரரின் பழைய சாக்ஸ்.

"மாங்காயை ஊறப்போட்டாலாவது மோர் சோத்துக்கு ஆவும்" என்று முணுமுணுப்பார் மாமியார்.

ஆனால் பலன் கிடைத்தது. பாதம் மெத்தென்று ஆகிவிட்டது. தைத்துக்கொண்டிருக்கும்போதே கலா குனிந்து குனிந்து குதிகாலைத் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

நன்றி சொல்லிச் சுற்றுகிற நடை மட்டும் பாக்கி. ஆனிப் பௌர்ணமிக்கு வைத்துக்கொண்டோம். முகூர்த்தம் அடுத்த சில நாட்களில் — தேய்பிறைதான், ஆனால் அதை விட்டால் ஆடி வந்துவிடும்.

வெயில் தாழக் கிளம்பினோம். எனக்கு வேண்டுதல் எதுவும் இல்லை என்பதால் நான் செருப்போடு. பாதிச் சுற்று வரைக்கும் பேச்சும் சிரிப்பும்தான். அடி அண்ணாமலை ஊர் நெருங்கும்போது பார்த்தால், ரோடு போடுவதற்காகப் புது ஜல்லியைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். கலா நின்றுவிட்டாள்.

"அண்ணி... கால் வெக்க முடியல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக அவளை நடத்திக் கூட்டிப்போனதே அந்தக் காய்ப்புதான். நடக்க நடக்க உடம்பே தைத்துக் கொடுத்த செருப்பு அது. அதை ஊறவைத்து, தேய்த்துக் கழற்றிவிட்டு, ஜல்லியில் வந்து நிற்கிறோம். மலையடிவாரத்திலேயே குடியிருக்கிற ரெண்டு பேருக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

"என் செருப்பைப் போட்டுக்கோ. சாமி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

"அவரு கோவிச்சுக்க மாட்டாரு அண்ணி. எனக்குத்தான் மனசு ஒப்பல. கேக்கறப்ப வெறுங்கால்ல வந்தேன். குடுத்தப்புறம் செருப்பு போட்டுட்டு வர்றதா?"

அவளை ரோட்டோரத்துக்கு இழுத்தேன்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் புல்லும் மண்ணுமாகப் பார்த்து மிதித்து, முழுசாக நடந்தாள். கோபுர வாசலில் கும்பிட்டு நிமிர்ந்தபோது ரெண்டு பாதத்திலும் கொப்புளம். மெட்டி போடுகிற விரலுக்கு அடியில் இருந்தது உடைந்தே போயிருந்தது.

முகூர்த்தத்தன்று மஞ்சளைக் குழைத்து அப்பி மறைத்துவிட்டேன். பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றது நான்தான். அம்மிமேல் கால் வைத்தபோது அவள் என் கையை இறுக்கிக்கொண்டாள். மாப்பிள்ளை குனிந்து பாதத்தைத் தொட்டதும், வலியில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மஞ்சள் உதிர்ந்து புண் தெரிந்தது.

"என்னா இது?" மெதுவாகத்தான் கேட்டார்.

"மலை சுத்தினேன்" என்றாள், தலை நிமிராமல். "வேண்டுதல். வெறுங்கால்ல."

"என்னா வேண்டுதல்?"

கலா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவருக்குப் புரிந்துவிட்டது. ஐயர் அவசரப்படுத்துகிறார். இவர் நிதானமாகத் தன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"என் கை சொரசொரன்னு இருக்கும். மல்லாட்டை புடுங்கற கை. வலிச்சா சொல்லு."

கலாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பிறந்த வீட்டை விட்டுப் போகிற துக்கம் என்று சுற்றியிருந்த பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

எதற்காக நடந்தோமோ அது கிடைத்ததும் நடந்த அடையாளத்தை ஏன் மறைக்கப் பார்க்கிறோம்? பார்த்தால் பிடிக்காது என்று நாமாகவே முடிவு செய்துவிடுகிறோம். எதிரில் இருப்பவரும் தன் கையை நினைத்துக் கூசிக்கொண்டு இருக்கலாம் என்பது தோன்றுவதேயில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, தினமும் உட்கார்ந்து தேய்த்தவள்தானே நானும்.

இப்போது ஆடி. புதுப்பெண் பிறந்த வீட்டில் தங்கிவிட, மாப்பிள்ளை விருந்தைச் சாப்பிட்டுவிட்டுத் தனியாக ஊர் திரும்ப வேண்டும். அப்படித் திரும்ப வேண்டிய மனிதர்தான் முதலில் சொன்ன கேள்வியைக் கேட்டது. அன்னக்கூடைக் கதை முழுக்க கலா அவரிடம் சொல்லியிருக்கிறாள். ஆடிப் பௌர்ணமிக்கு வருகிறாராம். கலாவோடு, வெறுங்காலில். அவருக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறதாம்.

"விருந்துக்கப்புறம் ஆடியில மாப்பிள்ளை வரக்கூடாதேப்பா..." என்று இழுத்தார் மாமியார்.

"வீட்டுக்குத்தானே அத்தை வரக்கூடாது? நான் மலைக்கு வர்றேன். நீங்க கலாவை அனுப்பி வைங்க, போதும்."

மாமியார் உள்ளே போய் அவருக்கு இன்னொரு டம்ளர் பாயசம் கொண்டுவந்து வைத்தார்.

அன்னக்கூடையைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை வெந்நீர், ரெண்டு பேரும் திரும்பி வந்தப்புறம்தான்.