வலது பக்கத்துக்கு மட்டும் ஒரு பேரிங்

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை. விடிந்தபோது ஆண்டர்சன்பேட்டையில் பனி இறங்கியிருந்தது. எதிர் வரிசை வீடுகள் தெரியவில்லை. எழுந்ததும் குழாயைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் விடும் நாள் இல்லை என்று தெரிந்தும் பார்ப்பது பழக்கம். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டுகளை எடுத்து உள்ளே கொடுத்தேன். சவரம் செய்தேன். நாள்காட்டித் தாளைக் கிழித்தேன். குடும்ப ஜெபத்தில் அன்று அண்ணன் சங்கீதம் வாசித்தார். அவருடைய கண்ணாடி ஏற்கெனவே பெட்டிக்குள் போய்விட்டதால் என்னுடையதைப் போட்டுக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத வரிகளை மனப்பாடமாகச் சொல்லிவிட்டார். வழக்கத்துக்கு மாறாக நான் தொழிற்சாலைக்கு விடுப்புப் போட்டிருந்தேன். அன்றிரவு அண்ணன் விமானம் ஏறி, ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனிடம் போக வேண்டும்.

அண்ணன் என்னைவிட மிகவும் மூத்தவர். இங்கே தங்கச் சுரங்கம் மூடும்வரை அண்டர்கிரவுண்டில் வேலையில் இருந்தார். பிறகு பெங்களூருவில் ஒரு கிடங்கில் காவலராக வேலை பார்த்தார். அண்ணி இறந்த பின் அங்கிருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, விசா வரும்வரை எங்களோடு தங்க வந்தார். போனால் திரும்பி வருவதாக ஏற்பாடு இல்லை. வந்த அன்றே பெட்டியை இறக்கிக்கொண்டே சொன்னார்:

"ஏர்போர்ட்டுக்கு நீதான்டா ஓட்டணும். டாக்சி கீக்சின்னு எதனா சொன்னே, நான் நடந்தே போய்டுவேன்." பிறகு சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வண்டில வெச்சி ஒண்ணு கேக்கணும் உன்ன."

அது என்ன என்பது எனக்குத் தெரியும். மகன் வீட்டில் ஒத்துவராமல் போனால், திரும்பி வந்து எங்களோடு இருக்கலாமா என்பதுதான். பெங்களூருவிலிருந்து தொலைபேசியில் இரண்டு தடவை அதைத் தொடங்கி, இரண்டு தடவையும் வானிலையைப் பற்றிப் பேசி முடித்திருந்தார். நான் என் மனைவியிடம் கலந்து பேசிவிட்டேன். "இதெல்லாம் கேக்கணுமா? மாமா எப்ப வந்தாலும் அந்த ரூம் அவருக்குத்தான்" என்றாள். பதில் தயாராக இருந்தது, கேள்விதான் வரவேண்டும். எங்கள் வீட்டு ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இப்படிப்பட்டதைப் பேசமாட்டார்கள். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தால்தான் வாய் திறக்கும். விமான நிலையம்வரை நல்ல தூரம். போதும் என்று நினைத்திருந்தேன்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் வண்டி சத்தம் போட ஆரம்பித்தது. என்னுடையது பழைய எஸ்.யூ.வி., செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அண்ணனை பேத்தமங்களா ஏரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பும்போது, வேகம் நாற்பதைத் தாண்டியதும் முன்பக்கத்தில் ஒரு முனகல் கேட்டது. வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. கியரை நியூட்ரலுக்கு மாற்றிப் பார்த்தேன், சத்தம் போகவில்லை. ஆகவே இன்ஜின் இல்லை. புதிதாகத் தார் போட்ட இடத்திலும் அதே சத்தம். ஆகவே ரோடும் இல்லை. டயர்களில் மேடு பள்ளமான தேய்மானம் எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. மிச்சம் இருந்தது சக்கரத்தின் பேரிங்.

எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. வண்டி இடது பக்கம் வளைந்தால் பாரம் வலது சக்கரத்தில் விழும். வலது பக்கம் வளைந்தால் இடதில் விழும். எந்த வளைவில் சத்தம் கூடுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்து பேரிங்தான் கெட்டது. மறுநாளே அண்ணனை முன் சீட்டில் வைத்துக்கொண்டு அதே ரோட்டில் போனேன். இடது வளைவுகளில் சத்தம் தெளிவாகக் கூடியது.

"வலது பக்கம்" என்றேன்.

"இன்னாடா வலது? என் கால்கீழ கீது சத்தம்" என்றார் அண்ணன். அவர் உட்கார்ந்திருந்தது இடது பக்கம்.

"அது பாடில பரவி வர்ற சத்தம்ண்ணா. காத நம்பக்கூடாது."

"நான் காதுல கேக்கலடா, கால்ல கேக்கறேன். செருப்பே ஆடுது."

"டெஸ்ட்னு ஒண்ணு இருக்குல்ல."

"இருக்கும் இருக்கும். நீ டெஸ்ட்ட கேளு, நான் செருப்ப கேக்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் வலது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். மிக லேசாக ஒரு தளர்ச்சி, கைக்குத் தெரிந்தது. இடது சக்கரத்தையும் அப்படியே ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. சந்தேகம் தீர்ந்தது. தொழிற்சாலையில் நான் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். குறை நிரூபணம் ஆகாத பாகத்தைத் தொடக்கூடாது என்பது எங்கள் பிரிவில் முதலில் சொல்லித்தரும் விதி. நல்ல பாகத்தைக் கழற்றினால் அதுவே புதுக் குறைக்குக் காரணமாகும் என்பார்கள். அந்த விதியை நான் வீட்டு மின்விசிறிக்கும் குக்கர் வளையத்துக்கும்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

ராபர்ட்சன்பேட்டையில் வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடம் சொன்னபோது, அவர் என் வண்டியைப் பார்க்காமலே சொன்னார்: "சார், ரெண்டா வாங்கிடுங்க. ஒரே கிலோமீட்டர் ஓடின ஜோடி. ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணும் கெளம்பிட்டு கீதுன்னு அர்த்தம்."

"இடது பக்கம் நல்லா இருக்கு. ஆட்டிப் பார்த்துட்டேன்."

"ஆடாமலே கத்தும் சார்."

"நல்லதை எதுக்குக் கழட்டணும்?"

"உங்க வண்டி, உங்க இஷ்டம்" என்றார். அந்த மாடலுக்கான பேரிங் இங்கே கடைகளில் கிடைக்காது. பெங்களூருவுக்குச் சொல்லி ஒன்று வரவழைத்தேன். புதன்கிழமை மாலைதான் பார்சல் வந்தது. அதனால் வேலை வியாழக்கிழமை காலைக்கு வந்து நின்றது.

பட்டறையில் அண்ணனும் கூட வந்து, ஒரு பழைய டயரின் மேல் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துகொண்டார். சக்கரம், பிரேக், டிஸ்க் எல்லாம் இறங்கின. நடு நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. மெக்கானிக் நீண்ட குழாயை மாட்டி அதன் மேல் ஏறி நின்றபோது, வெடித்தது போல ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. சக்கரம் மாட்டும் ஹப்பை இழுத்தபின் பழைய பேரிங்கை பிரஸ்ஸில் வைத்துத் தள்ளினார். புதியதன் ஒரு முகத்தில் கறுப்பாக ஒரு காந்த வளையம் இருக்கும். அது சென்சார் பக்கம் பார்க்க வேண்டும், மாற்றிப் போட்டால் டேஷ்போர்டில் பிரேக் விளக்கு அணையாது. அதை நான் இரண்டு தடவை நினைவுபடுத்தினேன்.

"சார், தம்பின்னு சொல்லி இன்ஸ்பெக்டரையே கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றார் மெக்கானிக், அண்ணனைப் பார்த்து.

"இவன் இப்படித்தான்பா. எங்க அப்பா சொரங்கத்துல ஷாஃப்ட் வாயில, கீழ எறங்கற கேஜுல ஆள் ஏத்தறவரு. கயித்துல சந்தேகம்னா ஷிப்டே நின்னாலும் கேஜ எறக்க மாட்டாரு. அந்தப் புத்தி அப்படியே இவனுக்கு வந்துடுச்சி. எனக்கு அவரு மூக்கு மட்டும்தான் வந்துச்சி."

வெளியே தள்ளிய பழைய பேரிங்கைக் கையில் சுற்றிப் பார்த்தேன். சொரசொரப்பு இருந்தது. ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அதை அப்போதே கவனித்தேன். கவனித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, மூன்று பேரும் பங்காருபேட்டை ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். நாற்பதைத் தாண்டியது. சத்தம் குறைந்திருந்தது, போகவில்லை. பின் சீட்டில் இருந்த மெக்கானிக் இடது பக்கம் சாய்ந்து காதைக் கொடுத்தார். அண்ணன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

பட்டறைக்குத் திரும்பி இடது பக்கத்தைத் தூக்கினோம். மெக்கானிக் என் கையைப் பிடித்து, சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் சுருள் ஸ்பிரிங்கின் மேல் வைத்தார். மற்றொரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். மணலை அரைக்கிற மாதிரி ஒரு அதிர்வு விரல்களில் ஏறியது. வலது பக்கத்தில் என் சோதனை பொய் சொல்லவில்லை. பாதியைச் சொன்னது, மற்ற பாதியை நான் கேட்கவில்லை. ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்க்கும் முறை எனக்கும் தெரியும். வீட்டில் இடது பக்கத்துக்கு அதை நான் செய்யாமல் விட்டதற்குக் காரணம், பதில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று நினைத்ததுதான்.

பெங்களூரு கடைக்குப் போன் செய்தேன். மறுநாள்தான் அனுப்ப முடியும் என்றார்கள்.

"போயிட்டு வந்துடலாம் சார்" என்றார் மெக்கானிக். "ஆட்டம் இல்ல, சூடு இல்ல. சத்தம்தான். எத்தன வண்டி இப்படியே திருப்பதி போயிட்டு வருது."

"ஹைவேயில வேணாம்" என்றேன்.

"டேய்" என்றார் அண்ணன். "பாட்டு போட்டுக்கலாம்டா. சத்தமே கேக்காது."

"வேணாம்ண்ணா. குறை இருக்குன்னு தெரிஞ்சப்புறம் எடுத்துட்டுப் போகக்கூடாது."

அவர் டயரிலிருந்து எழுந்து, செய்தித்தாளை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். "சரி. அப்பாவே சொல்லிட்டாரு" என்றார்.

மதியம் டாக்சி வந்தது. வீட்டில் யார் தூரப் பயணம் போனாலும் வண்டியைச் சுற்றி நின்று ஜெபம் செய்து அனுப்புவோம். டாக்சியைச் சுற்றி நின்றோம். கன்னடக்கார டிரைவர் என்னவோ என்று பயந்து இறங்கி, இன்ஜினை அணைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். என் மனைவி ஜெபித்தாள். "ஆமென்" சொன்னதும் டிரைவரும் சேர்ந்து சொன்னார். அதற்கு மட்டும் அண்ணன் சிரித்தார்.

டாக்சி சின்னது. பெரிய பெட்டி டிக்கியில் நுழையாமல் பின் சீட்டுக்கு வந்தது. அண்ணனுக்கு நெடுநேரம் முழங்காலை மடக்கி உட்கார முடியாது என்பதால் அவர் முன்னால், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால் பெட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோலார் தாண்டுவதற்குள் டிரைவர் பேச ஆரம்பித்துவிட்டார். நிலத்தின் விலை, தன் மாமனாரின் பிடிவாதம், முள்ளங்கி சாகுபடி. அண்ணன் அவருக்குக் கன்னடத்தில் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரு முறை தலையைத் திருப்பி என்னைப் பார்க்க முயன்றார். நடுவில் பெட்டி இருந்தது.

"இன்னாடா, தூங்கிட்டியா?"

"இல்லண்ணா."

"சரி, சரி."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

விமான நிலையத்து வாசலில் இறங்கியபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. டிரைவர் வண்டியை அங்கே நிறுத்தக்கூடாது என்று அவசரப்படுத்தினார். தள்ளுவண்டியில் பெட்டிகளை ஏற்றினேன். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் அண்ணனின் சட்டைப் பையில் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தேன். இனிமேல் கேள்வி வராது என்று புரிந்தது. நானே சொல்லிவிட்டேன்.

"ண்ணா, அந்த ரூம் அப்படியே இருக்கும். எப்ப வேணாலும்."

பக்கத்தில் டிரைவர். பின்னால் அடுத்த குடும்பம், அதற்குப் பின்னால் ஒரு வரிசை. அண்ணனின் முகம் இறுகியது. எனக்கு அந்த முகம் தெரியும். யாராவது இரக்கப்படுகிறார்கள் என்று தோன்றினால் வருவது.

"எதுக்கு சும்மா பூட்டி வெக்கப் போற?" என்றார். "வாடகைக்கு விட்டுடு. நான் ஏன்டா திரும்பி வரப் போறேன்?"

கேட்காத கேள்விக்கு, நாலு பேர் முன்னால், நின்ற நிலையில் நான் பதில் சொன்னால் அவர் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்? ஓடுகிற வண்டியில் அவரே ஆரம்பித்து, நான் ரோட்டைப் பார்த்தபடியே "அதுக்கு இன்னாண்ணா" என்று சொல்லியிருந்தால் அது வேறு. அண்ணன் என் தோளில் தட்டிவிட்டு, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். காவலர் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கையசைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம்வரை அவருடைய சட்டை தெரிந்தது.

வீடு திரும்பி மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். "போன்ல சொல்லலாமே" என்றாள். சொல்லலாம். போனில் அவர் இதையே இன்னும் உறுதியாகச் சொல்வார்.

மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, குழாயைத் திறந்து பார்க்கவில்லை, பாலையும் எடுக்கவில்லை. முதல் வேலையாக வண்டியை எடுத்தேன். அந்தச் சத்தத்தோடேயே பங்காருபேட்டை வழியாக நெடுஞ்சாலையில் ஏறி, விமான நிலையத்துக்கு ரோடு பிரியும் ஹொசகோட்டை வரை விட்டு, அங்கே திருப்பி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தேன். நியாயமான வேகத்தில்தான் ஓட்டினேன். முன் சீட்டு காலியாக இருந்தது. முனகல் போகும்போது எப்படி இருந்ததோ வரும்போதும் அப்படியே இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இறங்கி, இடது சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்தேன். கை பொறுக்கும் சூடுதான் இருந்தது.