படம் நடுவே எரிந்த விளக்கு

போன வாரம் மதுரைத் தியேட்டரில் படம் பாதியில் நின்று விளக்கெல்லாம் எரிந்தது. எல்லோரும் செல்போனை எடுத்தார்கள். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

முன்பு விருதுநகரிலும் ஒருமுறை இப்படித்தான் படம் நின்றது. அப்போது எனக்கு எட்டு வயது. தீபாவளி சீசன். தனக்குக் காய்ச்சல் என்று, தான் வேலை பார்த்த ஆமத்தூர் பட்டாசுக் கம்பெனிக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அம்மா என்னை மதியக் காட்சிக்குக் கூட்டிப்போனாள். அதே கம்பெனியில் இருந்த சித்தி மட்டும் வேலைக்குப் போயிருந்தாள்.

அந்தத் தியேட்டர் வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு பருத்தி வியாபாரி கட்டியது. இரண்டு முழ அகலத்தில் சுண்ணாம்புச் சுவர், பெண்கள் பக்கத்தைப் பிரிக்க இடுப்புயரத் தடுப்பு, தெருவைப் பார்த்த தேக்குக் கதவுகள். உள்ளே இருந்தால் பஜார் சத்தம்கூடக் கேட்காது. அன்றைக்கு வெடிச்சத்தமும் கேட்கவில்லை.

திடீரென்று படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டு மேனேஜர் திரை முன்னால் வந்தார். "ஆமத்தூர் பக்கம் பட்டாசுக் கம்பெனி ஒண்ணு வெடிச்சிருச்சாம். அங்கன ஆளுக இருந்தா வெளிய வாங்கம்மா."

"எந்தக் கம்பெனிய்யா?" என்று அம்மா கத்தினாள்.

"தெரியலம்மா. அம்புட்டுத்தான் சொன்னாக."

பெண்கள் பக்கம் முழுக்க வாசலுக்கு ஓடியது. அந்தப் பக்கம் போகிற பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். வளைவு வைத்த முகப்பின் கீழே பொழுது சாயும்வரை நின்றோம். வேலையாட்களைத் தினமும் தியேட்டர் முன்னால் இறக்கிவிடும் அம்மாவின் கம்பெனி வேன் வந்தது. அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"எந் தங்கச்சி எங்கன?"

கடைசியாக இறங்கியவள் அழுதுகொண்டே சொன்னாள். "இன்னைக்கு ஒங்க எடத்துலதான்க்கா அவள உக்கார வச்சாக. அந்த ரூம்தான் வெடிச்சது."

அம்மா அப்படியே படியில் சரிந்தாள். அவளைத் தூக்க எனக்குத் தெம்பில்லை.