எண்பதாம் பக்கம்

ஜஹபர் நிஷாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. உப்பளம் என்ற பகுதியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருபத்தெட்டு வருடமாக மொழிபெயர்ப்பு செய்துவந்தார். பெரும்பாலும் பிரான்சுக்குப் போகிறவர்களின் பிறப்புச் சான்றும் கல்யாணச் சான்றும்தான். ஓர் எழுத்து பிசகினாலும் விசா நின்றுபோகும் என்று ஒவ்வொரு தாளையும் மூன்று முறை படிப்பார். அவருடைய முத்திரை இருந்தால் எந்த அலுவலகத்திலும் மறுகேள்வி கிடையாது.

போன ஜனவரியில் மதிவாணன் என்ற அரசு அதிகாரி ஓர் ஆங்கில அறிக்கையோடு வந்தார். அணுமின் நிலையங்களின் கழிவைப் பாறைக்கு அடியில் ஆழமாகப் புதைக்க இடம் தேடுகிறார்கள். அது கிடைக்கும்வரை வைத்திருக்க ஒரு தற்காலிகக் கிடங்கு கட்ட வேண்டும். கடலோர மக்களிடம் கருத்துக் கேட்கப்போவதால் அறிக்கை தமிழில் வேண்டும் என்றார். கிடங்கு வரப்போகும் ஊரின் பெயர் மீது மை பூசியிருந்தது.

எண்பதாம் பக்கத்தில் நிஷாவின் பேனா நின்றது. கழிவின் வீரியம் அடங்கப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும் என்றது ஒரு பத்தி. காவலுக்கும் பராமரிப்புக்கும் முப்பது ஆண்டுகளுக்குத் திட்டம் உண்டு என்றது அடுத்த பத்தி. அதன்பின் பொறுப்பு யாருடையது என்பதை உரிய காலத்தில் உரிய அரசு முடிவு செய்யுமாம்.

மதிவாணனுக்குப் போன் செய்தார். "சார், எண்பதாம் பக்கத்துல ஏதாவது விட்டுப்போச்சா?"

"இல்ல மேடம், அவ்ளோதான். அஞ்சு வருஷம் ஆள வர்றவங்க அதுக்கு மேல என்ன வாக்கு குடுப்பாங்க? பல்லாயிரம்னு போடாதீங்க. நீண்ட காலம்னு போட்டுடுங்க."

நிஷா பல்லாயிரம் என்றே எழுதினார்.

மார்ச் மாதம் குருசுக்குப்பம் அருகே ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடந்தது. மேடையில் நிஷாதான் மொழிபெயர்ப்பாளர். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கும் கன்னியம்மாள் எழுந்தார்.

"ஊர் பேர சொல்லாம எங்ககிட்ட என்ன கேக்குறீங்க? சரி, அது போவட்டும். முப்பது வருசம் கழிச்சி அத யாரு பாத்துக்குவாங்க?"

டெல்லியிலிருந்து வந்தவர் ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினார். அதில் பதில் இல்லை. நிஷா மைக்கில் சொன்னார்: "அது இன்னும் முடிவாகலையாம். யார் முடிவு பண்ணணும்கிறதும் முடிவாகலையாம்."

கூச்சல் எழும் என்று எதிர்பார்த்தார். இருநூறு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுவாரம் மதிவாணன் கூட்ட அறிக்கையை நிஷாவின் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார். கன்னியம்மாளின் கேள்வி அதில் இல்லை. மக்கள் விளக்கம் பெற்றுத் திருப்தி தெரிவித்தார்கள் என்றிருந்தது.

"நான் சொன்னது இது இல்ல சார். கையெழுத்துப் போட மாட்டேன்."

மதிவாணன் கோபப்படவில்லை. தாளை எடுத்து மடித்தார். "எலெக்‌ஷன் வருது மேடம். ஜெயிக்கிறவங்களும் இதத் தொடமாட்டாங்க, தோக்குறவங்களும் தொடமாட்டாங்க. ஆனா கழிவு இப்பவே இருக்கு. எங்கியாவது வெச்சுத்தானே ஆவணும்?"

நிஷா பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

வேறொருவர் கையெழுத்துப் போட்டார். நிஷாவுக்கு அரசிடமிருந்து மொழிபெயர்ப்பு வேலை வருவது நின்றது. மண்டபத்தில் பேசப்பட்டதை மூன்று பக்கத்தில் எழுதி, முத்திரையிட்டுக் கன்னியம்மாளிடம் கொடுத்தார். ஓட்டுக் கேட்டு வந்த நான்கு கட்சிக்காரர்களிடமும் கன்னியம்மாள் அதை நீட்டினார். நால்வரும் செல்போனில் படமெடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் மேடையில் அதைப் பற்றிப் பேசவில்லை.

தேர்தல் முடிந்து ஜூன் மாதம் கன்னியம்மாள் போன் செய்தார். "நிஷாம்மா, துறைமுகத்துக்குத் தெக்கால நாலு பேரு மண்ணுல ஓட்ட போட்டு அள்ளிக்கினு போறாங்க. கேட்டா தண்ணி பாக்குறோம்ன்றாங்க. அன்னிக்கி பேரு சொல்லாத ஊரு இதானா?"

நிஷா ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது வண்டி கிளம்பியிருந்தது. துளையை மூடியிருந்தார்கள். பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டு, வெள்ளையடித்து, பதினேழு என்று எழுதியிருந்தார்கள். மற்ற பதினாறு கற்களை இருவரும் பொழுது சாயும்வரை தேடினார்கள். ஒன்பதைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது.