மூன்று மாத மனைவி

மருத்துவக் காப்புறுதிக் கவுண்டரில் இருந்தால், வெள்ளவத்தையில் யார் யாரை விட்டுப் போனார்கள் என்பது லோயருக்கு அடுத்ததாக எங்களுக்குத்தான் தெரியவரும். ஏ லெவல் சரிவராமல் இந்தக் கதிரைக்கு வந்தவள் நான். நீங்களும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஏச்சு வாங்குகிறவர் என்றால் இதை வாசியுங்கள், விளங்கும்.

பெயரை வெட்ட வந்தவர்

சிவகுமாருக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் வேலை. கம்பனி எடுத்துக் கொடுத்த பொலிசியில் மனைவி செல்வியும் இருந்தார். விவாகரத்துத் தீர்ப்பைக் காட்டி, அவருடைய பெயரை வெட்டச் சொன்னார். இது முதல் தீர்ப்பு, மூன்று மாதம் கழித்துத்தான் முடிவாகும், அதுவரைக்கும் அவர் உங்கள் மனைவிதான் என்றேன். ஆளுக்கு முகம் கறுத்துப்போனது.

“ரெண்டு வருஷமா வேற வேற வீடு. அவ கொட்டாஞ்சேனையில இருந்து தும்மினாலும் என்ட பொலிசியிலயா, தங்கச்சி?”

தும்மல் இல்லை

அடுத்த கிழமை செல்வி அக்காவே வந்தார். மார்பில் கட்டி, புற்றுநோய். கெதியாக எடுக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அரச ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். தனியாரில் உடனே செய்வார்கள், ஆனால் அந்தளவு காசு அவரிடம் இல்லை. காப்புறுதிக் காட் இன்னும் வேலை செய்யும், ஆனால் பொலிசி சிவகுமாருடையது, போமில் அவரின் கையெழுத்து வேண்டும் என்றேன்.

“வழக்குப் போட்டதே நான்தான், பிள்ளை. இப்ப நானே அந்தாளுக்கு மனுசியா இருக்கப் பார்க்கிறன்.”

கையெழுத்து

நான் சிவகுமாருக்குக் கோல் எடுத்து வரவழைத்தேன். ஒரே வாங்கில், நடுவில் அவரின் ஹெல்மட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இருந்தார்கள். போமில் இருந்த நோயின் பெயரை சிவகுமார் இரண்டு தரம் வாசித்தார். கையெழுத்து வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். இல்லை. “மாசாமாசம் நான் குடுக்கவேண்டிய காசு வேண்டாம் எண்டு இவ லோயரிட்ட சொல்லட்டும், இப்பவே வைக்கிறன்” என்றார், செல்வி அக்காவைப் பார்க்காமல், என்னைப் பார்த்து. இது மீன் சந்தை இல்லை என்றேன். வாயை மூடச் சொல்லி எங்கள் மேலதிகாரி மிஸ் கண்ணைக் காட்டினார். செல்வி அக்கா அங்கேயே, எல்லாருக்கும் முன்னால், லோயருக்குக் கோல் எடுத்துச் சொன்னார். பிறகு என் பேனையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“வையுங்கோ. நான் உயிரோட எழும்பினா உழைச்சுச் சாப்பிடுவன்.”

மிச்ச மருந்து

ஒபரேஷன் நேரத்துக்கு நடந்தது. அதற்குப் பிறகு ஏற்றுகிற மருந்து பாதியில் இருக்கும்போது தீர்ப்பு முடிவாகிவிட்டது. செல்வி அக்கா வந்தபோது, இனிக் காட் செல்லாது என்று அப்படியே சொன்னேன். அவர் காட்டைக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினார்.

“இனி அரச ஆஸ்பத்திரிதான். அங்க நான் ஆரின்ட மனுசி எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம்.”

அதே இடத்துக்கு இன்னொருவர்

சிவகுமார் புது மனைவியோடு வந்தார். செல்வி அக்கா இருந்த இடத்தில் இவருடைய பெயரைப் போட்டேன், சிஸ்டம் ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொண்டது. பைக்கைத் தள்ளி வைக்கச் சொல்லி வெளியே பொலிஸ்காரர் விசிலடிக்க, சிவகுமார் ஓடினார். புதுப்பெண் என் ஸ்கிரீனை எட்டிப் பார்த்து, “முதல் இருந்தவவுக்கு இப்ப என்ன பொலிசி இருக்கு?” என்று கேட்டார். சொல்லக்கூடாது என்றேன். ஒன்றும் இல்லை என்று விளங்க அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்தார்.

“தங்கச்சி, என்ட பெயரில தனியா ஒண்டு போடலாமா, இவருக்குத் தெரியாம?”

இந்தக் கவுண்டரில் நான் முழுமனதோடு விற்ற முதல் பொலிசி, கல்யாணமாகி மஞ்சள் காயாத ஒருத்தி புருஷனுக்கு ஒளித்து எடுத்ததுதான்.