ஒரே நாள் ஞானஸ்நானம்

எழுபதுகளில் எனக்குப் பெண் பார்த்தார்கள். "நாங்க அஞ்சு தலைமுறையா கிறிஸ்தவங்க. நீங்க?" என்று பெண்ணின் அப்பா கேட்டதில் கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது. நாங்கள் எத்தனை தலைமுறை என்று எனக்கே தெரியாது; செங்கல்பட்டு மாதா கோயில் உபதேசியாரிடம் ஓடினேன். ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பார்.

"உன் தாத்தா இங்க கீறாரு நைனா. அடுத்த வரிய பாரு."

அதில் பெண்ணின் தாத்தா பெயர் இருந்தது.

"ரெண்டு பேரும் மீசை மொளச்சப்புறம் ஒரே நாள்ல ஞானஸ்நானம் வாங்கிகினாங்க" என்றார், முகம் மாறாமல்.

அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அதைப் பார்த்த மாமனார் தொண்டையைச் செருமிவிட்டுத் தேதி குறித்தார்.

கல்யாண விருந்தில் உபதேசியாருக்கு நன்றி சொன்னேன்.

"உனுக்கு முன்னாடியே உன் மாமனாரு வந்தாரு. அந்தப் பக்கத்த கிழிச்சுக் குடுன்னாரு" என்று வடையைக் கடித்தார்.

இத்தனை குடும்பங்களின் ரகசியங்களை வைத்துக்கொண்டு அவர் எப்படித்தான் சிரிக்காமல் பூசைக்கு மணி அடித்தாரோ!