பத்து டன் தாங்கும் பெட்டி

அஸ்தம்பட்டியில் நாங்கள் குடியிருந்த வீட்டில் முன்கட்டு வீட்டுக்காரம்மாவுக்கு. பக்கவாட்டில் ஓர் அறையும் சமையல்கட்டும் எங்களுக்கு. சிமெண்டு வாசல் இருவருக்கும் பொது. வெயில் காலத்தில் மட்டும் அது பொது இல்லை. சித்திரை பிறந்ததும் வீட்டுக்காரம்மா அங்கே கயிற்றுக் கட்டில்களைப் போட்டு, நனைத்த வேட்டியை விரித்து, கூழ்வடகம் ஊற்றுவார். வடகம் காயும்வரை அந்தப் பக்கம் யாரும் வேகமாக நடப்பதுகூட அவருக்குப் பிடிக்காது. புழுதி கிளம்புமாம்.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஒரு நாளிதழுக்கு உள்ளூர்ச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். மனைவி பள்ளி ஆசிரியை. மாசிக் கடைசியில் அவள் நாமக்கல் பக்கத்திலுள்ள பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, வயர் கூடையில் கத்தரிக்காயோடு ஒரு நாய்க்குட்டியும் வந்தது. அங்கே கட்டுத்தரையில், மாடுகளுக்கு நடுவே பிறந்த குட்டி. பஸ்ஸில் கண்டக்டர் கேட்டதற்கு முயல் என்று சொன்னாளாம். அவர் நம்பினாரோ இல்லையோ, டிக்கெட் போடவில்லை.

வீட்டுக்காரம்மா குட்டியைத் தூக்கிப் பார்த்தார், சிரித்தார், கீழே விட்டார்.

"நாயி இருக்கட்டும் சாமி, நான் வேண்டாங்கல. ஆனா என்ற வடகத்துல ஒரு கால் பட்டுதுன்னா அன்னைக்கே அது வேற ஊடு பாத்துக்கோணும். இப்பவே சொல்லிப்போட்டேன்."

"கட்டிப் போட்டுக்கறமுங்க" என்றாள் மனைவி.

கட்டிப் போட்டோம். குட்டி குழாய்க் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கயிறு தீர்ந்ததும் நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றது. அறைக்குள் வைத்துச் சாத்தினால் கதவின் அடியைப் பிராண்டியது. பால்காரருக்காகக் கதவைத் திறந்த நொடியில் என் கால்களுக்கு இடையே புகுந்து வாசலுக்கு ஓடியது. அங்கே வடகம் இன்னும் இல்லை. ஆனால் வீட்டுக்காரம்மா கட்டில் கயிறுகளை இறுக்கிக்கொண்டிருந்தார்.

செய்தி சேகரிக்கப் போனபோது ஏற்காட்டுத் தோட்ட பங்களா ஒன்றில் நாய்க்கென்று ஒரு பெட்டியைப் பார்த்திருக்கிறேன். அந்த நாய் யாரும் சொல்லாமலே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. இதை மனைவியிடம் சொன்னேன். அவள் தன் அண்ணனுக்குக் கடிதம் போட்டாள். அண்ணனுக்கு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை.

நாய்க்குட்டிக்குப் பெட்டி என்று எழுதினால் வேறு ஊரில் யாராவது பழப்பெட்டிக்குக் கதவு வைத்து அனுப்பியிருப்பார்கள். மச்சான் பட்டறையில் தெரிந்தது ஒரே வேலை. ஆங்கிள் இரும்பில் சட்டம், காற்றுக்கு இடைவெளி விட்டு அடித்த தேக்குப் பலகை, தரைக்குத் தகடு, கீழ்நோக்கித் திறக்கும் பின்கதவு, அதைத் தூக்கி மாட்ட இரண்டு பக்கமும் சங்கிலி. மஞ்சளும் பச்சையுமாகப் பெயிண்ட். பக்கவாட்டில் தாமரை, முன்னால் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு. மச்சானே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது.

"பத்து டன் தாங்கும் மாப்ள" என்றார் மச்சான்.

"உள்ள போறது ரெண்டு கிலோ கூட இருக்காதுங்க."

"நாளைக்கு வளருமில்ல?"

சொல்லிக்கொண்டே குட்டியைப் பிடரியில் தூக்கி உள்ளே விட்டார். பின்கதவைத் தூக்கிச் சங்கிலியை மாட்டினார். பழக்க தோஷத்தில் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்!" என்றார். தகடு அதிர்ந்தது. குட்டி போட்ட சத்தத்தில் வீட்டுக்காரம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். கதவைத் திறந்ததும் குட்டி பாய்ந்து அரிசி டின்னுக்குப் பின்னால் போய் ஒடுங்கியது. அதன்பிறகு சங்கிலி லேசாகக் கிலுங்கினாலே அது நின்ற இடத்தில் ஈரம் செய்தது.

சாப்பிடும்போது மச்சான் மெல்ல ஆரம்பித்தார். "மேச்சேரில நம்ம சம்பந்தி ஊட்டுல ஆட்டுப் பட்டிக்கு நாயி கேட்டுட்டிருக்காங்க அம்மிணி. அங்க போச்சுன்னா ராசாவாட்டம் இருக்கும்."

மனைவி அண்ணனுக்கு வைக்க எடுத்த இரண்டாவது முட்டையைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள் அவள் பின்கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். சங்கிலிகளைப் பிரித்துப் பரணில் போட்டாள். தகட்டின்மேல் சாக்கை மடித்துப் போட்டாள். குட்டியின் தட்டைப் பெட்டிக்கு எட்டத்தில் வைத்து, தினம் கொஞ்சம் நகர்த்தினாள். தட்டு பெட்டிக்குள் போனபோது குட்டியின் முன்பாதியும் உள்ளே போனது. பின்பாதி வெளியே, ஓடுவதற்குத் தயாராக. தட்டை இன்னும் உள்ளே தள்ளினால், சாப்பிடாமல் எங்கள் முகத்தைப் பார்த்தது.

"பின்னாடி லேசா ஒரு தள்ளு தள்ளலாமா?" என்றேன்.

"எங்கண்ணன் தள்ளுனது போதாதுங்களா?"

பங்குனி முடியப் போகும் நேரத்தில் மச்சான் மறுபடி வந்தார். கையில் பழைய லாரி டியூபை வெட்டிய ரப்பர் துண்டுகள். தன் பெட்டியை நாய் ஒதுக்கிவிட்டது என்பது அவரை உறுத்தியிருக்க வேண்டும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தலைக்குத் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, மல்லாந்து, தோள்வரை பெட்டிக்குள் நுழைத்து, தகடு அதிராமலிருக்க அதற்கும் பலகைக்கும் நடுவே ரப்பர் கொடுக்க ஆரம்பித்தார். குட்டி சமையல்கட்டு நிலைப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் வேலைச் சத்தம் நின்று குறட்டைச் சத்தம் வந்தது. லாரித் தொழிலில் இருப்பவர்கள் எங்கேயும் தூங்குவார்கள். குட்டி இறங்கி வந்தது. முதலில் அவர் பாதத்தை முகர்ந்தது. பிறகு முழங்கால். பிறகு வயிற்றின்மேல் ஏறி, அப்படியே நடந்து பெட்டிக்குள் போய், அவர் தலைக்குப் பக்கத்தில் துண்டைக் காலால் சரிசெய்து படுத்துக்கொண்டது. மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மச்சான் விழித்ததும், "என்னடா இது, மூஞ்சியில வாலு?" என்றார்.

"அசையாதீங்ண்ணா!"

காரணம் அவளுக்குத்தான் பிடிபட்டது. மச்சான் காலையில் மாடு கறந்துவிட்டு அதே துண்டோடு பஸ் ஏறியிருந்தார். குட்டி பிறந்த கட்டுத்தரையின் வாசனை அதில் இருந்தது.

"துண்ட உட்டுட்டுப் போங்ண்ணா."

"புதுத் துண்டு அம்மிணி."

"அதுக்குப் புடிச்சிருக்குதுங்ண்ணா."

துண்டு தங்கியது. அதற்குப் பிறகு எல்லாம் சுலபம் என்று சொல்ல முடியாது, ஆனால் நடந்தது. சங்கிலிகளுக்கு ரப்பர் சுற்றிப் பின்கதவை மாட்டினோம். குட்டி தின்னும்போது கதவைத் தூக்கி மூடுவோம். தின்று முடிப்பதற்குள் இறக்கிவிடுவோம். பிறகு மனைவி மாவாட்டும் நேரம் முழுக்கக் கதவு மூடியிருந்தது. குட்டி ஆட்டுக்கல் சத்தத்தைக் கேட்டபடி தூங்கியது.

சித்திரை பிறந்து வீட்டுக்காரம்மா வடகம் ஊற்றிய முதல் நாள், ஆள் வைத்து எங்கள் கதவோரம் வாசலில் இறக்கியிருந்த பெட்டிக்குள் விடியும்போதே குட்டியை விட்டிருந்தோம். அவர் கூழைக் கரண்டி கரண்டியாக வேட்டியில் ஊற்றி முடித்தார். காக்கைக்குப் பயம் காட்டக் கறுப்புக் குடையை விரித்துக் கட்டில் காலில் செருகிவிட்டுக் குளிக்கப் போனார். காற்று குடையைச் சாய்த்தது. மதில்மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் ஒவ்வொன்றாகக் கட்டிலுக்கு இறங்கின.

குட்டி குரைத்தது. அதன் தொண்டைக்கு அது சின்னச் சத்தம்தான். ஆனால் பலகை அடித்த பெட்டிக்குள்ளிருந்து வந்தபோது ஏதோ பெரிய நாயின் சத்தமாக இருந்தது. காக்கைகள் ஒரே வீச்சில் எழும்பிப் பக்கத்து வீட்டுத் தென்னைக்குப் போயின. திரும்ப வந்தன, திரும்பக் குரைத்தது.

வீட்டுக்காரம்மா ஈரத் தலையோடு வந்து நின்றார். குடையைப் பார்த்தார். தென்னையைப் பார்த்தார். சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்க மனைவி வாயெடுத்தாள்.

"ஏனுங்க தம்பி, அந்தப் பொட்டிய சித்தெ இக்கட்டால நகத்தி வைங்க. நெழலு பாத்து."

என்னால் அசைக்க முடியவில்லை. பத்து டன் தாங்கும் பெட்டி. மூவருமாகக் கட்டில் பக்கம் தள்ளினோம். குட்டி உள்ளே துண்டின்மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மாதம் முன்பு என்றால் அலறியிருக்கும்.

சாயங்காலம் பின்கதவை இறக்கினோம். அது வெளியே வரவில்லை. வீட்டுக்காரம்மா பாதி காய்ந்த வடகம் கொஞ்சம் உரித்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தார்.

"வேலை பாத்தவனுக்குக் கூலி குடுக்கோணுமில்ல."

குட்டி முதல் வடகத்தை முன்னங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கடித்து இழுத்தது. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கால் பட்ட வடகத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றை நகர்த்தி வைத்தார்.